திரும்புதலும் திருப்புதலும்: ‘றீபற்றியேற்’ என்னும் வினை பற்றி

மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லின் பொருள் பேணப்படுகையிலேயே அதன் எழுவாய் மறைந்துவிடுதலும் உண்டு. ‘றீபற்றியேற்’ என்னும் ஆங்கில வினை இதற்குத் தக்க சான்றாகும்.

தந்தையர் நாட்டைக் குறிக்கும் ‘பாத்ரியா’ என்ற இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது இது. பிற்கால இலத்தீனில், ஒருவர் தாமாகவே தம் நாடு மீளுதலை இது குறித்தது. ஆங்கிலப் பெருவழக்கிலோ செயப்படுபொருள் குன்றா வினையாயிற்று. அரசொன்று ஒருவரை ‘அவரது’ நாட்டுக்கு அனுப்புகின்றது. முதலாளி அயல்நாட்டில் ஈட்டிய இலாபத்தைத் தன் நாட்டுக்கு எடுத்துச் செல்கின்றான். இரண்டிற்கும் வினை ஒன்றே.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இச்சொல் எமது அரசியல் வழக்கில் வேரூன்றியது. நாடற்றோரெனக் கணக்கிடப்பட்ட 975,000 இந்திய வம்சாவளியினருள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் உடன்பாடாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மலையகத் தோட்டத் தொழிலாளரே இவர்களுட் பெரும்பான்மையினர். எனினும் கொழும்பில், கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் உழைத்து வாழ்ந்தோரும் இவ்வகைப்பாட்டுக்கு உட்பட்டனர்.

சென்றோரைத் தமிழ்நாட்டு வழக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்றது. ‘திரும்பு’ தன்வினை, ‘திருப்பு’ பிறவினை. இவ்வொரு மெய்யெழுத்து வேறுபாட்டில் இரு அரசுகளும் எழுவாய் நிலையினின்று நழுவிவிடுகின்றன. அன்றியும், திரும்புதற்கு முதலில் அங்கிருந்து புறப்பட்டிருத்தல் வேண்டும். இலங்கையிலே பிறந்து, தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேஸ்வரத்தை முதன்முறையாகக் கண்டவர் எங்ஙனம் ‘திரும்பியவர்’ ஆவார்?

அவர்கள் விண்ணப்பித்தன்றோ சென்றனர் என வாதிப்போர் உளர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனையடுத்த வாக்குரிமைச் சட்டத்தாலும் உரிமையிழந்தோர் முன் வைக்கப்பட்ட தெரிவு எத்தகையது என்பதை அவ்வாதம் கருத்திற் கொள்வதில்லை.

தேயிலையின் இலாபம் இலண்டன் சென்றது. அதனை ஈட்டித் தந்த உழைப்பாளி இராமேஸ்வரத்துக்கு அனுப்பப்பட்டான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வினையாற் கூறும். இலாபத்தின் திசையை அதன் உடைமையாளன் தீர்மானித்தான். உழைப்பாளியின் திசையை அவன் தீர்மானிக்கவில்லை.

இலங்கையில் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. சென்றோரின் வரலாற்றை எழுதுவோர் ‘இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர்’ எனக் குறித்தலே பொருந்தும் என்பது எமது துணிபு. அவ்வாறு குறிக்கும்போதுதான், அனுப்பியது யார் என்ற வினா எழும்.