பொம்மைக் காருக்குள் ஓர் அறை

கல்லாறு தாண்டிப் பொன்முடி ஏறியவர்கள் அந்த 22 கொண்டை ஊசி வளைவுகளை மறந்திருக்க மாட்டார்கள். 1988-ல் ஒரு வாடகை அம்பாசடரில் குடும்பத்தோடு ஏறினோம். முன்சீட்டில் ஓட்டுநரையும் சேர்த்து மூவர், பின்னால் ஐவர். ஸ்டியரிங் தண்டிலிருந்த கியரை ஓட்டுநரின் இடது கை மாற்றுவதையே என் தந்தையார் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய கடைசி மலைப் பயணம் அது.

பணி ஓய்வுக்குப் பின் அந்தக் காரை 25-ல் ஒரு பங்கு அளவில் செய்ய முனைந்தேன். வெளிக்கூடு எளிது. உட்புறம்தான் பாடம் கற்பித்தது.

பெரம்பூர் ஐ.சி.எப். 1955-ல் தொடங்கியபோது பெட்டியின் கூட்டைத்தான் செய்தார்கள். இருக்கை, விளக்கெல்லாம் பொருத்தும் பிரிவு 1962-ல்தான் வந்தது. மாதிரிக் கார்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் விற்ற பல கிட்களுக்குள் ஒன்றுமே இராது. 1960-களின் தொடக்கத்தில் தரை, பக்கச் சுவர், பின்சீட்டு எல்லாம் ஒரே வார்ப்பாக, தொட்டி போல வந்தன.

தொட்டியில் ஒரு சங்கடம். அச்சின் இரு பாதிகளும் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. கதவின் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் வார்ப்பு அச்சில் சிக்கிவிடும். ஆகவே சுவரைச் சற்றுச் சாய்த்து, கைப்பிடியை வெறும் கோடாக்கினார்கள். ஜப்பானியக் கிட்கள் பலவற்றில் மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடம் விட்டுத் தரையை உயர்த்தியதால், சீட்டுகள் பாதி ஆழமே இருந்தன.

பின்னர் தரையையும் சுவர்களையும் தனித்தனியாக வார்க்கும் முறை பரவியது. சுவரைப் படுக்கவைத்து வார்த்தால் கைப்பிடியும் தையல் மடிப்பும் ஆழமாக விழும். டாமியா நிறுவனம் 1976-ல் வெளியிட்ட 12-ல் ஒரு பங்கு போர்ஷே 934-க்காக, உண்மையான போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்து அளவெடுத்தார்கள். இன்று சீட்டு பெல்ட்டின் கொக்கிகள் மெல்லிய உலோகத் தகட்டில் வருகின்றன. கம்பளத்துக்குப் பசை தடவிப் பொடி இழை தூவுகிறோம்.

என் காருக்கு வார்ப்பு ஏது? பிளாஸ்டிக் தகட்டில் சுவர்களைத் தனித்தனியே வெட்டினேன். ஆனால் அளவு வேண்டுமே! அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. கை கியர் வைத்த பழைய வண்டி ஒன்றை ஒரு பட்டறையின் பின்புறம் கண்டேன். சீட்டில் பஞ்சு இல்லை, ஆனால் கியர் தண்டு இருந்தது. டேப்பும் கையுமாக நான் நுழைந்ததும் மெக்கானிக் சிரித்தார். பிறகு மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார். 40 சென்டிமீட்டர் ஸ்டியரிங் என் மேசையில் 16 மில்லிமீட்டர் ஆயிற்று. கியர் தண்டுக்கு ஒரு குண்டூசி.

கூரையை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டிவிட்டால் முன்சீட்டு தெரியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய கார் இருந்தால், விற்பதற்கு முன் உட்புறத்தை அளந்து, நான்கு படம் எடுத்து வையுங்கள். வெளித்தோற்றம் எல்லாப் படங்களிலும் இருக்கும். நாம் உட்கார்ந்த இடத்தை யாரும் படம் எடுப்பதில்லை.