தறிக்குழியும் வாடகைச் சீட்டும்

ஆரணிப் பட்டுச் சேலைகள் பலவும் நெசவாளரின் வீட்டுக் கூடத்திலேயே உருவாகின்றன. சொந்த வீடில்லாத அங்கத்தினருக்கு வாடகை வீடே உறைவிடம்; அதுவே தொழிற்கூடமும் ஆகும். பாவு தறியில் ஏறியிருக்கும் வேளையில் "வீட்டைக் காலி செய்யுங்கள்" என்ற சொல் வருமாயின், தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலேற்றலாம். தறிக்குழியை எடுத்துச் செல்ல இயலுமா? ஆதலின் இவ்விஷயத்தில் சட்டம் கூறுவதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 22-2-2019 முதல் அமலில் உள்ளது. குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு பெறவேண்டும் என்பதே அதன் ஆணிவேர். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரே வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். வாய்ச்சொல்லே போதும் என்றிருப்பது ஆபத்து. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்விக்கக் கோரலாம்.

வீட்டைத் தகாவண்ணம் பயன்படுத்திச் சேதம் விளைவித்தலும் அத்தகைய காரணமாகும். தரையில் தோண்டிய குழியை நாம் தொழில் என்போம். உரிமையாளர் சேதம் என்னலாம். ஆகவே தறி எத்தனை, குழி எங்கே, காலி செய்கையில் அதை மூடித்தருவது யார் என்பனவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிராவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக அது திரும்பக் கிடைக்கவேண்டும். வாடகையை உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். தகராறு நடக்கும்போது குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க அவருக்கு உரிமை இல்லை; துண்டித்தால் அவ்வதிகாரியிடமே முறையிட்டு, மீண்டும் வழங்கும்படி உத்தரவு பெறலாம். விருப்பமில்லாதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். பூட்டைப் போடுவது வழியன்று.

நமக்கும் கடமை உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, அறிவிப்புக் கிடைத்த பின்னும் செலுத்தாதவரை வெளியேற்றக் கோரலாம். குடியிருப்புக் காலம் முடிந்தும் வீட்டை ஒப்படையாதவர், முதல் இரு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தர நேரிடும். மாதந்தோறும் ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துதல் நன்று.

வழக்குச் செலவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி வகுப்பினருக்கும், குறைந்த வருமானமுள்ளோருக்கும் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே முடிச்சிடுவது நம் வழக்கம். வாடகை விஷயத்திலும் அவ்விழிப்பு வேண்டும். எழுதப்பெற்ற ஒப்பந்தம் இல்லாத அங்கத்தினர், தகராறு வருமுன்பே உரிமையாளரை அணுகி அதை எழுதிப் பதிவு செய்துகொள்வாராக.