யோகனான் – யோவான் – அருளப்பன்: ஓர் எபிரேயப் பெயரின் பொருளும் வரலாறும்

மக்கட்பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு இருவழிகளில் செல்கிறது. ஒலிபெயர்ப்பில் ஒலி எஞ்சிப் பொருள் மறையும். பொருள்பெயர்ப்பில் பொருள் எஞ்சி ஒலி மறையும். இவ்விரு வழிகளிலும் தமிழுக்கு வந்த பெயர்களுள் ஒன்று ‘யோகனான்’ என்னும் எபிரேய ஆண்பெயர். அதன் அமைப்பு, வரலாறு, தமிழ் வடிவங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. சொல்லமைப்பு

இப்பெயரின் முழுவடிவம் ‘யெகோகனான்’ என்பதாகும். முற்கூறாகிய ‘யெகோ’, இசுரயேலர் வழிபட்ட இறைவனின் பெயர்ச் சுருக்கம். ‘யோ’ அதனினும் குறுகியது. பிற்கூறு, ‘அருள்செய்தல், இரங்குதல்’ எனப் பொருள்படும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து பிறந்த வினைமுற்று. எனவே இப்பெயர் தனிச்சொல் அன்று. எழுவாயும் பயனிலையும் கொண்ட ‘இறைவன் அருளினான்’ என்னும் தொடர். நெடுநாள் வேண்டிப் பெற்ற குழந்தைக்கு நன்றியறிதலாக இடத்தக்க பெயர் இது.

இக்கூறுகளையே முன்பின்னாக மாற்றினால் ‘அனனியா’ என்னும் பெயர் கிடைக்கிறது. இறைவனைக் குறிக்கும் ‘ஏல்’ என்னும் சொல்லை முன்னே இணைத்தால் ‘எல்கானான்’ என்றாகும். சாமுவேலின் தாயாகிய அன்னாளின் பெயரும் இவ்வேரினின்றே தோன்றியது.

2. வரலாறு

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேம் வீழ்ந்தபின் எஞ்சிய படைத்தலைவருள் ஒருவன் கரேயாவின் மகன் யோகனான் என எரேமியா நூல் கூறுகிறது. எகிப்தின் எலிபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர் கி.மு. 407இல் எழுதிய விண்ணப்பத்தில், எருசலேம் தலைமைக் குருவின் பெயராக இது வருகிறது. கிரேக்க ஆட்சியை எதிர்த்தெழுந்த மத்தத்தியாவின் ஐந்து புதல்வருள் ஒருவனும் இப்பெயரினன். அக்குடியில் பின்னர் ஆண்ட யோகனான் இர்க்கானு (கி.மு. 134–104) வெளியிட்ட நாணயங்களில் ‘யெகோகனான்’ என்னும் முழுவடிவம் பழைய எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. விடுதலைப் போராட்டக் குடியின் பெயர்கள் மக்களிடையே பரவின. யோகனானும் அவற்றுள் ஒன்று. 1968இல் எருசலேம் அருகே கிடைத்த எலும்புப் பேழை ஒன்றிலும் இப்பெயர் உண்டு; அதனுள் ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு இருந்தது. சிலுவைத் தண்டனைக்கு உள்ளான ஒருவனும் தலைமைக் குருவும் ஒரே பெயர் தாங்கியிருந்தனர் என்பது கருதத்தக்கது.

லூக்கா நற்செய்தியில் முதியோரான செக்கரியா, எலிசபெத்து இணையரின் மகனுக்கு இப்பெயர் இடப்படுகிறது. உறவினருள் எவருக்கும் இப்பெயர் இல்லையே எனச் சுற்றத்தார் மறுக்க, பேச்சிழந்த தந்தை பலகையில் எழுதி அதனை உறுதிசெய்கிறார். பெயரின் பொருளை அறிந்தார்க்கே இந்நிகழ்ச்சியின் முழுப்பொருளும் விளங்கும்.

3. பிறமொழி வடிவங்கள்

சொல்லிடையே வரும் எபிரேயத் தொண்டையொலியைக் குறிக்கக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. ஆகவே அது மறைந்து, கிரேக்க ஈறு சேர்ந்து ‘இயோவான்னேஸ்’ என்றாயிற்று. இதன்வழி ஆங்கில ஜான், பிரெஞ்சு ழான், உருசிய இவான், இத்தாலிய ஜொவான்னி முதலியன தோன்றின. செருமானிய ‘ஹான்ஸ்’ என்பதில் இறைவன் பெயர்க்கூறே உதிர்ந்துவிட்டது. கிரேக்கத்தைச் சாராது சிரியாக்கு வழியாக வந்தமையால், கேரளச் சிரியன் கிறித்தவரின் ‘யோகன்னான்’ மூலத்தை ஒட்டி நிற்கிறது.

4. தமிழ் வடிவங்கள்

‘யோவான்’ கிரேக்க வடிவின் ஒலிபெயர்ப்பு. கத்தோலிக்கத் தமிழ் மரபோ பொருளை நோக்கி ‘அருளப்பன்’, ‘அருளப்பர்’ என வழங்கியது. ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ ‘அருளானந்தர்’ எனப்பட்டதும் இம்மரபினதே. வீரமாமுனிவர் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் ‘கருணையன்’ என்றார்.

‘அருளப்பன்’ என்பதில் இறைவன் பெயர் வெளிப்படையாக இல்லை. ‘அப்பன்’ தமிழ்ப் பெயர்களில் பயிலும் ஈறு. எனினும் சைவ, வைணவ இலக்கியங்களில் ‘அருள்’ என்பது இறைவன் செயலைச் சிறப்பாகக் குறிப்பதால், எழுவாய் குறிப்பாக உணரப்படுகிறது. எபிரேயத்தில் இரு கூறுகள் உணர்த்தியதைத் தமிழில் ஒரு சொல்லே பெரும்பாலும் உணர்த்திவிடுகிறது.

5. முடிவுரை

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘யோவான்’ என்பதையே ஏற்றது. இதனால் கிறித்தவப் பிரிவுகளிடையே பெயர் ஒருமை ஏற்பட்டது. ஆயின் பொருள் மறைந்தது. ‘யோவான்’ எனக் கேட்கும் தமிழர்க்கு அது வெறும் இடுகுறி. ‘அருளப்பன்’ எனக் கேட்பார்க்கு அது காரணப்பெயர். மொழிபெயர்ப்புகளில் முன்னது நிலைபெற்றாலும், பின்னது மக்கட்பெயராக இன்றும் வாழ்கிறது. இத்தகைய பொருள்பெயர்ப்புப் பெயர்களைத் தொகுத்து ஆராய்வது, பிறமொழிக் கருத்துகளைத் தமிழ் ஏற்ற முறையை அறியத் துணைசெய்யும்.