காவி உடுத்திய போர்ச்சுகல் சாமியார்: அருளானந்தர் கொல்லப்பட்டது ஏன்? ஓரியூர் மணல் சிவந்த கதை என்ன?

மதுரையில் இருந்து உசிலம்பட்டி போகும் வழியில் கருமாத்தூரைத் தாண்டும் எவருக்கும் அருள் ஆனந்தர் கல்லூரி தெரிந்திருக்கும். மதுரை ஞானஒளிவுபுரத்தில் பிரிட்டோ பள்ளி இருக்கிறது. இரண்டும் ஒரே மனிதரின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. ஜான் டி பிரிட்டோ என்கிற அருளானந்தர் யார்? போர்ச்சுகல் அரண்மனையில் வளர்ந்தவர் ராமநாதபுரம் சீமையில் ஏன் வெட்டிக் கொல்லப்பட்டார்?

அரண்மனைப் பிள்ளை

1647 மார்ச் 1-ம் தேதி லிஸ்பனில் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. உயர்குடிக் குடும்பம். சிறு வயதிலேயே அரண்மனைக்குள் சேர்க்கப்பட்டு, பின்னாளில் மன்னரான இளவரசர் பெத்ருவோடு சேர்ந்து வளர்ந்தார். ஒருமுறை கடும் நோயில் படுத்தபோது, பிள்ளை பிழைத்தால் இயேசு சபைத் துறவியின் உடையை ஓராண்டு அணிவிப்பதாக அவரது தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாராம். பிள்ளை பிழைத்தது. 1662-ல் அவர் நிஜமாகவே அந்தச் சபையில் சேர்ந்துவிட்டார். 1673-ல் கோவாவுக்குக் கப்பலேறி, அடுத்த ஆண்டே தமிழகம் வந்தார்.

ஏன் காவி?

இதற்கு மதுரைக்குத்தான் வரவேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி, 'பரங்கி' என்ற அடையாளத்தைக் கழற்றிவிட்டு காவி உடுத்தி, புலால் மறுத்து, சந்நியாசியாக வாழ்ந்தார். தத்துவ போதகர் என்ற பெயரில் தமிழில் எழுதினார். ஆனால் அவர் எடுத்தது பிராமண சந்நியாசிக் கோலம். அந்தக் கோலத்தில் இருப்பவர், ஒடுக்கப்பட்ட சாதியினரின் வீட்டு வாசலுக்குப் போக அன்றைய சமூகம் விடாது.

அதனால் 1640-களில் இன்னொரு வழி உருவானது. அதுதான் 'பண்டார சாமி' கோலம். சைவப் பண்டாரங்களைப் போல காவியும் தலைப்பாகையும் அணிந்த இவர்கள், எல்லாச் சாதியினரையும் சந்திக்க முடிந்தது. அருளானந்தர் தேர்ந்தெடுத்தது இந்த வழியைத்தான். இறைச்சி இல்லை, மது இல்லை. பெரும்பாலும் நடைப்பயணம். தனித்துத் தவம் செய்ய வனத்துக்குப் போகிறவர்தான் துறவி என்றால், இவர் துறவிக் கோலத்தோடு ஜனங்களுக்குள் நடந்தவர்.

முதல் கைது, பிறகு லிஸ்பன்

அப்போது மறவர் நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. மதுரை நாயக்கர்களின் பிடியில் இருந்து விலகி, தன் ஆட்சியைப் பலப்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. 1686-ல் அருளானந்தரும் அவருடன் இருந்த உபதேசியார்களும் கைதாகி, கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். சேதுபதியே அவரை அழைத்து விசாரித்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

அடுத்த ஆண்டு சபை வேலையாக ஐரோப்பா போனார். பால்ய நண்பர் பெத்ரு இப்போது போர்ச்சுகலின் மன்னர். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார். அவர் கேட்கவில்லை. 1690-ல் மறுபடியும் இந்தியா வந்து, போகக் கூடாது என்று சொன்ன அதே மறவர் நாட்டுக்கே போனார்.

மரண தண்டனை ஏன்?

இங்கேதான் வருகிறார் தடியத்தேவர். சேதுபதி அரச குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆட்சிக்கே உரிமை கோரக்கூடியவர் என்று சொல்லப்படுகிறது. தீராத நோயில் இருந்த அவர், ஒரு உபதேசியார் வந்து ஜெபித்ததும் குணமானதாக மரபு சொல்கிறது. ஞானஸ்நானம் கேட்டார். அருளானந்தர் வைத்த நிபந்தனை: ஒரு மனைவியோடு மட்டும்தான் வாழவேண்டும். தடியத்தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவிகளில் இளையவர், சேதுபதிக்கு நெருங்கிய உறவுப் பெண். அவர் நேராகச் சேதுபதியிடம் போய் முறையிட்டார்.

ஆக, இதை வெறும் மதப் பிரச்சினை என்று மட்டும் பார்க்க முடியாது. தடையை மீறிய போதகர், அவமானப்பட்ட அரச குடும்பத்துப் பெண், அரியணைக்குப் போட்டியாக வரக்கூடியவரின் மதமாற்றம் என மூன்றும் ஒரே நேரத்தில் சேதுபதியின் முன் வந்து நின்றன. 1693 ஜனவரி 8-ம் தேதி அருளானந்தர் கைதானார். ராமநாதபுரத்தில் அவரைக் கொன்றால் சலசலப்பு வரலாம் என்று, தன் சகோதரர் உடையத்தேவர் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பினார் சேதுபதி. பிப்ரவரி 3-ம் தேதி சிறையில் இருந்து சக துறவிகளுக்குக் கடிதம் எழுதினார் அருளானந்தர். மறுநாள் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45.

மணல் சிவந்தது எப்படி?

அவர் ரத்தம் சிந்தியதால்தான் ஓரியூர் மணல் சிவந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், நோய்க்கு மருந்தாகப் பூசிக்கொள்கிறார்கள். நிலவியல் தரும் விளக்கம் வேறு. மணல் துகள்கள் மேல் இரும்பு ஆக்சைடு படிந்தால் செந்நிறம் வரும். தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துத் தேரி மணலும் இப்படிச் சிவந்ததுதான்.

இன்று ஓரியூரில் என்ன நடக்கிறது?

1853-ல் அருளாளர் பட்டம். 1947 ஜூன் 22-ம் தேதி, இந்தியா சுதந்திரம் பெற இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், போப் 12-ம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆண்டுதோறும் பிப்ரவரி 4-ம் தேதி அவரது நினைவு நாள்.

மதுரையில் இருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே, திருவாடானை வட்டாரத்தில் இருக்கும் ஓரியூருக்கு கிறிஸ்தவர்கள் மட்டும் வருவதில்லை. இந்துக்களும் வருகிறார்கள். அவரைக் கொல்லச் சொன்ன மன்னரின் சமூகமான மறவர்களும் அவரிடம் நேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளை வரம் கேட்பது, மொட்டை போடுவது, தென்னங்கன்று செலுத்துவது என குலதெய்வக் கோயில் வழக்கங்கள் பலவும் இங்கே உண்டு. கிடா வெட்டிச் சமைத்து, கூடி உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்டு.

வாழ்ந்தவரை இறைச்சியைத் தொடாத சாமியாருக்குக் கிடா விருந்தா என்று கேட்கலாம். இந்த மண்ணின் வழக்கத்துக்குள் கரைய அவர் காவி உடுத்தினார். 300 ஆண்டு கழித்து, ஜனங்கள் தங்கள் வழக்கப்படியே அவரைத் தங்கள் சாமியாக்கிக்கொண்டார்கள்.