உயரம் குறைவு, ஏற்றம் அதிகம்

மைசூரின் வடமேற்கு மூலையில், நான்கு கட்டங்களாகக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட குடியிருப்பு விஜயநகர். முதல் கட்டத்தில் உள்ள யோக நரசிம்மர் கோயிலில் புத்தாண்டு தினத்தன்று லட்டு வாங்க நிற்கும் நீண்ட வரிசைதான் வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தைப் பற்றித் தெரிந்த ஒரே சேதி. மலையேறுகிறவர்கள் இதை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். விஜயநகரை ஒட்டிச் செல்லும் ஹுன்சூர் சாலை குடகு மலைக்குப் போகிறது. ஹுன்சூர், பிரியாபட்டணம், குஷால்நகர் என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கக் கடக்க வயல்கள் பின்தங்கி, சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிவிடும். மடிகேரிக்குச் சுமார் 120 கி.மீ. வெள்ளிக்கிழமை வேலை முடித்துவிட்டுக் கிளம்பினால், சனிக்கிழமை விடியும்போது ஏதாவதொரு மலையின் அடிவாரத்தில் இருக்கலாம்.

எந்த மலை என்பதுதான் கேள்வி. குடகிலேயே உயரமானது 1,748 மீட்டர் தடியண்டமோள். காலில் கொஞ்சம் வலு இருந்தால் காலையில் ஏறி மாலைக்குள் திரும்பிவிடலாம். கேரள எல்லையில் இருக்கும் பிரம்மகிரி, பசும்புல் போர்த்த அழகு மலை. யானை நடமாட்டம் உண்டு என்பதால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். ஆனால் பல வருடங்களாகக் காடு மேடு சுற்றியவர்களிடம் இந்த வட்டாரத்தில் உடம்பை உண்மையில் உலுக்கும் ஏற்றம் எது என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: குமார பர்வதம். அரசு ஆவணங்களில் புஷ்பகிரி.

உயரம் 1,712 மீட்டர். ஊட்டி பஸ் நிலையமே இதைவிட உயரத்தில் இருக்கிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவுக்குக் கைக்குழந்தையோடு காரில் போய், பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கிவிடலாம். கர்நாடகத்தின் மிக உயரமான முல்லையனகிரியிலும் (1,930 மீட்டர்) வண்டி கிட்டத்தட்ட உச்சி வரை போகிறது. இவற்றின் பக்கத்தில் குமார பர்வதத்தை நிறுத்தினால் சிறுவன் மாதிரிதான் தெரியும்.

ஆனால் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது வரைபடம் போடுகிறவர்களின் கவலை. நடக்கிறவனுக்கு வேண்டிய கணக்கு, எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோம் என்பது. குமார பர்வதத்தின் மேற்கு அடிவாரம் தட்சிண கன்னடத்தின் குக்கே சுப்ரமண்யா. நாக தோஷம் கழிக்கத் தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போகும் அதே ஊர்தான். அது கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குச் சற்றே மேல். ஆக, ஒரே நடையில் ஏற வேண்டியது ஏறக்குறைய 1,600 மீட்டர். மைசூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால்: சாமுண்டி மலைக்கு, 17-ம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் அமைத்த ஆயிரம் படிகள் வழியாக ஏறினால் கிடைக்கும் ஏற்றம் சுமார் 300 மீட்டர். அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அதுவும் படியில்லாமல், முதுகில் பையோடு.

வழியின் நீளம் ஒரு பக்கத்துக்கு 13 கி.மீ. போல. முதலில் அடர்ந்த காடு. வேர்களும் கற்களும் நிறைந்த செங்குத்துப் பாதை. மரநிழல் இருந்தாலும் கடலோரத்துப் புழுக்கம் சட்டையைப் பிழிய வைக்கும். மழை பெய்திருந்தால் அட்டைகள் காலுறைக்குள் வந்துவிடும். காடு முடிகிற இடத்தில் இருக்கிறது பட்டர மனை. பல பத்தாண்டுகளாக மலையேறிகளுக்குச் சோறும் சாம்பாரும் மோரும் போட்டுப் பேர் வாங்கிய வீடு. அங்கே சாப்பிட்டு முடிக்கும்போது பாதி மலை ஏறிவிட்டதாகத் தோன்றும். அது பிரமை. அதற்குப் பிறகுதான் வனத்துறைச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் நிழலே இல்லாத புல்வெளிச் சரிவு. வெயில் தலையில் இறங்கும். கல் மண்டபம் எனப்படும் பழைய கல் தூண்கள் வரை இதே கதைதான். பிறகு சேஷ பர்வதம். இதையே உச்சி என்று நம்பிக் கொண்டாடிவிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். அங்கிருந்து ஒரு சோலைக்குள் இறங்கி, வழுக்குப் பாறை ஒன்றில் கைகளையும் ஊன்றி ஏறினால்தான் குமார பர்வதம். உச்சியில் கற்களை அடுக்கிய சிறு சிவ சன்னிதி. தாரகாசுரனைக் கொன்ற பின் முருகன் வந்து சேர்ந்தது இந்த மலைக்குத்தான் என்றும், ஆயுதத்தை அவன் கழுவிய நீர்தான் கீழே ஓடும் குமாரதாரா என்றும் தலபுராணம்.

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் ஒரு கணக்கு சொன்னார்: ஐந்து கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி குக்கேயிலிருந்து உச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். இது ஸ்காட்லாந்துக் குளிரில், திடகாத்திரமான மனிதர், உட்காராமல் நடந்தால். நம் ஊர் வெயிலில், தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிப் போனால் ஏழு எட்டு மணி நேரம் ஆவது சாதாரணம். இறங்க இன்னும் ஐந்து மணி நேரம். விடிந்ததும் புறப்பட்டாலும் அந்தி சாயும்போது காட்டுக்குள்ளேயே இருக்கிற கணக்கு இது. அதனால்தான் முன்பெல்லாம் வழியில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் ஏறி இறங்குவது வழக்கமாக இருந்தது. கிழக்கே சோமவார்பேட்டைப் பக்கமிருந்து ஏறினால் தூரம் ஏறக்குறைய பாதிதான். புறப்படும் இடமும் உயரத்தில் இருப்பதால் ஏற்றமும் குறைவு. முதல் முறை போகிறவர்களுக்கு அதுவே புத்திசாலித்தனம். ஆனால் 'குக்கே வழியாக ஏறினேன்' என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருக்கிறதே!

கௌரவம்தான் வினையாகியும் விட்டது. ஒரு காலத்தில் இந்தப் பாதைக்கு மூத்தவர் ஒருவர் பின்னால் நடந்துதான் வர முடியும். இன்று கைபேசித் திரையில் அரை நிமிடப் படம் போதும். 2024 குடியரசு தின விடுமுறையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குமார பர்வதத்துக்கு வந்து குவிந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் திருப்பதி வரிசை மாதிரி ஆட்கள் நிற்கும் படங்கள் நாடெங்கும் பரவின. புஷ்பகிரி ஒரு வனவிலங்கு சரணாலயம். 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் அடக்கம். கர்நாடக வனத்துறை உடனே கதவைச் சாத்தியது. ஆன்லைன் முன்பதிவு இல்லாத மலைப்பாதைகள் எல்லாமே தற்காலிகமாக மூடப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் 'அரண்ய விஹாரா' என்ற இணையதளத்தோடு திரும்பத் திறந்தபோது, ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்று உச்சவரம்பு வந்தது.

இது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் இணையதளம் பெயர் கேட்கிறது, அடையாள அட்டை கேட்கிறது, பணம் கேட்கிறது. இதற்கு முன் எந்த மலை ஏறினாய் என்று கேட்பதில்லை. முந்நூறு பேரில் முப்பது பேராவது பட்டர மனை ஏற்றத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடியவர்களாக இருந்தால், அதைக் கண்டுபிடிக்க சாவடியில் எந்தக் கருவியும் இல்லை. கூட்டத்தைக் குறைப்பது ஒரு வேலை, தகுதி பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவது மட்டுமே நடந்திருக்கிறது.

இந்த இரண்டாவது வேலையின் அருமை தமிழ்நாட்டுக்குத் தெரியும், மிகப் பெரிய விலை கொடுத்து. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொளுக்குமலையிலிருந்து இறங்கிய இரண்டு குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள். காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும். கீழே எரிகிற அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால் அதன் வேகம் ஓடுகிறவனைவிட அதிகம். குமார பர்வதத்தின் புல்வெளியும் அதே ரகம். கோடையில் பாதையை மூடுவதற்குக் காரணம் அதுதான். குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்தபோது, அவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, கூடவே உள்ளூர்ப் பழங்குடியினரை வழிகாட்டிகளாக அனுப்புகிறது. கடினமான பாதை எது என்றாவது போகிறவருக்கு முன்னமே தெரிந்துவிடுகிறது.

பழக்கப்பட்டவர்களைக்கூட மலை விட்டு வைப்பதில்லை என்பது வேறு விஷயம். 2019 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து குமார பர்வதத்துக்கு வந்த குழுவில் ஒருவர், இறங்கும் வழியில் மற்றவர்களை விட்டுப் பிரிந்தார். போலீசும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் தேடினார்கள். மழைக்காலம்; பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாட்கள். இரண்டு நாள் காட்டில் கழித்த பின் அவர் கண்ணில் பட்டது ஒரு தண்ணீர்க் குழாய். குழாய் என்றால் ஊருக்குத்தானே போயாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி, உயிரோடு குக்கே வந்து சேர்ந்தார்.