செஞ்சி வீட்டில் ஒரு வெப் சர்வர்

மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும். அந்தக் கோட்டையைப் பற்றி நாமே ஒரு பக்கம் எழுதி, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே உலகுக்குக் காட்ட முடியுமா? முடியும். பாதி வேலை மிகச் சுலபம். மீதிப் பாதியில்தான் சிக்கல்.

சர்வர் என்றதும் ஏசி அறையும் இரும்பு அடுக்குகளும் நினைவுக்கு வரும். உண்மையில் அது ஒரு மென்பொருள். யாராவது ஒரு கோப்பைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும், கேட்காதபோது சும்மா இருக்கும். உலகின் முதல் வெப் சர்வர் 1990இல் ஓடியதே ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசைக் கம்ப்யூட்டரில்தான். யாரும் அணைத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருந்தார்.

முதலில் 'கோட்டை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கோட்டையிலுள்ள கல்யாண மகாலின் படம் ஒன்று, எச்டிஎம்எல் பக்கம் ஒன்று. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டுபோன தூண்கள் இன்றும் புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் கதையை அதில் எழுதலாம். பக்கத்தை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, தலைப்பகுதியிலும் அதைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் புரியாத குறிகளாகச் சிதறிவிடலாம். பைத்தான் நிரல்மொழி நிறுவிய கம்ப்யூட்டரில், அதனுடன் வரும் சிறிய வெப் சர்வரை அந்த ஃபோல்டரிலிருந்து ஓடவிட ஒரே வரிக் கட்டளை போதும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள்.

இனி அதே வைஃபையில் உள்ள போனின் பிரவுசரில் கம்ப்யூட்டரின் முகவரியை, உதாரணமாக 192.168.1.5:8000 என்று தட்டினால் பக்கம் வந்துவிடும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் கட்டளையைத் தட்டிய கறுப்புத் திரையைப் பாருங்கள். யார், எப்போது, எந்தக் கோப்பைக் கேட்டார்கள் என்று வரிவரியாக ஓடும். கொடுத்தது 200, கிடைக்காதது 404. நீங்கள் வைக்காத ஒரு சின்ன ஐகானை பிரவுசர் தானாகவே கேட்டு 404 வாங்குவதும் தெரியும். லினக்ஸில் படத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் 404தான். இணையம் எப்படி நடக்கிறது என்பதற்கு இந்தத் திரையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் வாசலைத் தாண்டும்போது. 192.168 என்று தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்; மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் இணையச் சேவை நிறுவனங்கள் உண்டு. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிக்குக் கீழே ஒரு பிளவும் பாலமும் இருக்கிறதே, அதுபோல: உள்ளே இருப்பவர் பாலம் போட்டால்தான் வெளியாள் வர முடியும். ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் உங்கள் நிலைமையும் இதுதான். மாதக் கட்டணத்துக்கு நிலையான முகவரி வாங்கலாம்; புதிய முறையான ஐபிவி6 இருக்கிறதா என்று பார்க்கலாம்; உள்ளிருந்தே பாலம் போட, கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களின் டனல் வசதியும் உண்டு.

வெளியே திறந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் வருவது பூட்டை ஆட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள். பைத்தானின் சிறு சர்வர் அவற்றைத் தாங்காது. அதன் ஆவணமே எச்சரிக்கிறது. 1995இல் வந்த அப்பாச்சி, 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் ஆகியவைதான் அந்த வேலைக்கு. பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழும் வேண்டும். கரண்ட் போனால் பக்கமும் போகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், தொடக்கத்தில் வெளியே திறக்கவே வேண்டாம். பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் ஒன்றை சர்வராக்கி மற்றவற்றில் பார்க்க இணைய இணைப்பே தேவையில்லை. லினக்ஸ் பழக கணியம் தளத்தில் து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால், விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. செஞ்சிக்காரர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.