முன்னால் நின்று ஆடுங்கள்
கோல்ஃப் ஆட்டத்தில் மூத்தவர்களுக்கென்றே ஒரு பெருமை உண்டு. 18 குழிகளையும் தன் வயதுக்கு மேற்போகாத அடிகளில் முடிப்பதுதான் அது. 1979-இல் அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் ஓப்பன் போட்டியில், 67 வயதான சாம் ஸ்நீட் ஒரு சுற்றை 67 அடிகளில் முடித்தார். கடைசிச் சுற்றில் 66! அதுவும் இளம் தொழில்முறை வீரர்களோடு மோதிய களத்தில்.

வயது ஏறும்போது இடுப்பும் தோளும் முன்போல் திரும்பாது. பந்து போகும் தூரம் குறையும். அதை ஈடுகட்ட வேகமாக வீசினால் முதுகுதான் அடி வாங்கும். எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் கிராஃபைட் தண்டுள்ள மட்டைக்கு மாறலாம். அதைவிடப் பலன் தருவது, குழிக்கு அருகிலுள்ள முன் டீயிலிருந்து ஆடுவது (டீ என்பது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்). 2011-இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். இதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஒவ்வொரு டீக்கும் தனி மதிப்பீடு உண்டு. ஆடுபவரின் திறனுக்கேற்பத் தரும் அடிச்சலுகையான ஹேண்டிகேப்பும் அதற்கேற்ப மாறும். பேரன் பின் டீயில் நின்றாலும் தாத்தா அவனோடு சமமாகவே மோதலாம். 18 குழிகள் அலுப்பாக இருந்தால் 9 போதும். 2019 விதிப்படி, கொடிக்கம்பைப் பிடுங்காமலே பந்தைக் குழிக்குள் உருட்டலாம்.

ஆடும் முன் சற்று நேரம் உடலைத் தளர்த்துங்கள். முதுகிலோ இதயத்திலோ தொந்தரவு உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டு மட்டையை எடுங்கள்.